பொன்னுக்கு வீங்கி

அம்பாசமுத்திரம்

எய்யா,

போனில் பேசினால் உன் அம்மா பக்கத்தில் வந்து நிற்பாள். அதனால்தான் கடிதம்.

நீ அனுப்பிய விந்துப் பரிசோதனை ரிப்போர்ட்டில் விந்தணு எண்ணிக்கை குறைவில்லை, ஓட்டம்தான் மட்டம். ‘சீழ் செல் அதிகம்’ என்று ஒரு வரி இருக்கிறதே, அதை நம்பி மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுவிடாதே. முதிராத விந்துச் செல்லும் சீழில் இருக்கிற வெள்ளையணுவும் மைக்ராஸ்கோப்பில் சும்மா பார்த்தால் ஒரே மாதிரி உருண்டைதான். இரண்டையும் சேர்த்துச் சீழ் என்று எழுதுகிற லேப் உண்டு (முப்பது வருஷ சர்வீஸில் அவசரத்துக்கு நானும் எழுதியிருக்கிறேன்). பெராக்சிடேஸ் சாயம் போட்டார்களா என்று கேள். அதில் பழுப்பாவதுதான் வெள்ளையணு. மில்லிக்கு 10 லட்சத்தைத் தாண்டினால்தான் அதிகம் என்பது கணக்கு.

விந்தணு பிறப்பது வயசுக்கு வந்த பிறகு. உடம்பின் காவல் அணுக்கள் தன் வீட்டு ஆட்களை அடையாளம் பழகுவதோ அதற்கு வெகு முன்னே. ஆகவே விந்தணு அவற்றுக்கு அசலூர்க்காரன். கண்ணில் படாமல் இருக்க, விதைக்குள் விந்தணுவை வளர்க்கிற செர்டோலி செல்கள் நெருக்கி நின்று மதில் கட்டியிருக்கின்றன. அழற்சி வந்தால் டிஎன்எஃப், இன்டர்லூகின் 6 என்ற சமிக்ஞைப் புரதங்கள் வெள்ளையணுக்களை ஆள் சேர்க்கும், மதிலும் இளகும். வெள்ளையணு கிருமியைக் கொல்லக் கக்கும் ஆக்சிஜன் நச்சு, விந்தணுவின் கொழுப்புத் தோலையும் டிஎன்ஏவையும் சேர்த்துப் பொசுக்கும். அப்புறம் வால் எப்படி அசையும்?

இன்னொன்று. பதினோராம் வகுப்பில் உனக்குப் பொன்னுக்கு வீங்கி வந்தது. ஆச்சி தன் சங்கிலியைக் கழுத்தில் மாட்டிவிட்டாள். ஒரு வாரத்தில் நீ காலை அகட்டி நடந்தாய். சைக்கிளில் விழுந்தேன் என்றாய். தடுப்பூசி போடாத வயசுப்பையன்களுக்கு அது வந்தால் 100க்கு 15 முதல் 30 பேருக்கு விதை வீங்கும் என்று தெரிந்தவன் நான். கேட்கவில்லை. கூச்சம் எனக்குத்தான். பெரும்பாலும் ஒரு பக்கம்தான் பாதிக்கும், அடியோடு போவது அபூர்வம். இன்றைய வெள்ளையணுவுக்கு அது காரணமாக இருக்காது என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் டாக்டரிடம் சொல்லிவிடு.

மருந்து கொடுத்தால் மறுவாரமே டெஸ்டுக்கு ஓடாதே. ஒரு விந்தணு உருவாக ஏறக்குறைய 70 நாள், முதிர்ந்து வெளியே வர இன்னும் சில நாள். மூன்று மாசம் பொறு.

ஆடிப்பூரத்தன்று காந்திமதி அம்மன் வளைகாப்பு வளையலை உன் அம்மா மருமகளுக்கென்று வாங்கி வைத்திருக்கிறாள். அனுப்பட்டும். ஆனால் குழந்தை இல்லாததற்குக் குறை மருமகளிடம்தான் என்று அவளாகவே முடிவு கட்டி, தெருவில் பேச்சும் ஆகிவிட்டது. உன் ரிப்போர்ட்டை அவளுக்கு நானே படித்துக் காட்டலாமா? சரி என்றால் ஒரு மெசேஜ் போடு.

அப்பா