ஓசூர் பாதுகாப்புத் தளவாட ஆலைகளின் மனிதவள அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு வணக்கம்.

காவேரிப்பட்டணம் பக்கம் வேலை தேடும் பிள்ளைகளுக்கு விண்ணப்பம் நிரப்பித் தருகிறவன் நான். 2019 ஜனவரியில் தமிழ்நாட்டுக்கான பாதுகாப்புத் தொழில் பெருவழித்தடத்தைத் தொடங்கி வைத்து, அதன் ஐந்து மையங்களில் ஓசூரும் ஒன்று என்றபோது, எங்கள் ஐடிஐ பையன்கள் இனி பெங்களூரு பஸ்ஸுக்கு நிற்க வேண்டாம் என்று சந்தோஷப்பட்டோம்.

இப்போது போலீஸ் வெரிஃபிகேஷனோடு சில இடங்களில் சிபில் அறிக்கையும், அதாவது வங்கிக் கடனை ஒழுங்காகக் கட்டினானா என்று காட்டும் அறிக்கையும், கேட்கிறார்கள். கேட்பதில் தப்பே இல்லை. கடன் கழுத்தைப் பிடிக்கிற நேரத்தில், உதிரிபாக வரைபடத்தை ஒரு போட்டோ எடுத்துக் கொடு, பணம் தருகிறேன் என்று எவனாவது வந்தால் மனசு தடுமாறும்தான். ஆனால் அந்த மாதிரிக் கடன் சிபிலில் தெரிகிறதா என்பதுதான் என் கேள்வி.

சமீபத்தில் ஒரு பையனின் அறிக்கையைத் திறந்து பார்த்தேன். பைக் லோன். மாதவாரிக் கட்டங்களில் எத்தனை நாள் பாக்கி என்று 30, 61, 91 என ஏறிக்கொண்டே போனது. அப்பா மாந்தோப்பைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். அந்தப் பருவத்தில் காய்க்கு விலை இல்லை, பறிப்புக் கூலிகூடத் தேறவில்லை. வீட்டுச் செலவுக்காகப் பையன் டியூவை நிறுத்தினான். அடுத்த வருஷம் அபராதத்தோடு கட்டி, கடன் முடிந்தது என்ற என்ஓசி சான்றும் வாங்கிவிட்டான். பாக்கி இன்று பூஜ்யம். ஆனால் அறிக்கை 36 மாதக் கதையைக் காட்டும், அந்த மூன்று எண்களும் அதில் நிற்கின்றன. வேலை கைநழுவிப் போய்விட்டது.

அதே தெருவில் இன்னொரு வீடு. பையன் பெயரில் ஒரு பைசா வங்கிக் கடன் கிடையாது, சிபில் சுத்தம். வீட்டில் மீட்டர் வட்டி ஓடுகிறது, விடிந்தால் வாசலில் ஆள். தமிழ்நாட்டின் 2003ஆம் ஆண்டுச் சட்டம் கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாவற்றையும் பெயர் சொல்லித் தடுக்கிறது, இருந்தும் நடக்கிறது. இந்தக் கடன் எந்த அறிக்கையிலும் ஏறாது. மிரட்டினால் யார் பணிய வேண்டிவரும் என்று நீங்களே சொல்லுங்கள். (இதைப் படித்துவிட்டு அவனையும் கழித்துவிடாதீர்கள், புண்ணியமாகப் போகும்.)

இந்த விஷயத்தில் ரொம்பக் கறாரான அமெரிக்காவிலேயே, ரகசியப் பணிக்கு அனுமதி தருமுன் கடன் எப்படி வந்தது என்று பார்க்கிறார்கள். வேலை போனது, தொழில் நொடித்தது, திடீர் மருத்துவச் செலவு என்று கைமீறிய காரணம் இருந்து, ஆள் பொறுப்பாக நடந்துகொண்டிருந்தால் அது அவருக்குச் சாதகம். கணக்குக் காட்ட முடியாத பணப்புழக்கமும் அங்கே சந்தேகத்துக்கு இடம்தான். நம் மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகளில், 1964ஆம் ஆண்டு விதி 17, எப்போதும் கடனில் மூழ்கியிருக்கக் கூடாது என்கிறது. கடன் ஊதாரித்தனத்தால் வரவில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பை ஊழியர் தலையில்தான் வைக்கிறது. சரி, கடுமைதான். அப்படியும் அவர் வாய் திறக்க அதில் இடம் இருக்கிறது. எங்கள் பையனுக்கு வந்தது ஒரே ஒரு வரி மின்னஞ்சல்.

சிபில் அறிக்கையைப் பார்த்துக் கழிப்பதற்கு முன், ஆளைக் கூப்பிட்டுப் பத்து நிமிஷம் பேசுங்கள். பாக்கி எதனால் வந்தது, எப்படி அடைத்தாய், வெளியில் கைக்கடன் உண்டா என்று கேளுங்கள். உண்மையைச் சொன்னால் வேலை போய்விடாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் யாரும் சொல்லமாட்டார்கள்.

அப்புறம் ஒன்று. அறிக்கையில் தப்பு இருப்பதும் உண்டு. புகார் கொடுத்தால் 30 நாளில் தீர்க்க வேண்டும், தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்று ரிசர்வ் வங்கி விதியே இருக்கிறது. புகார் எண்ணைக் காட்டுகிற பையனுக்கு அந்த 30 நாள் மட்டும் இடத்தை நிறுத்தி வையுங்கள்.

இப்படிக்கு,
விண்ணப்பம் நிரப்பித் தருகிறவன்,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்