பாறுகள் மீது ஏன் இந்தப் பழி?

ஆசிரியருக்கு,

பேராசைக்காரர்களைப் 'பிணந்தின்னிக் கழுகுகள்' என்று ஏசுவது செய்திகளில் வாடிக்கையாகிவிட்டது. படிக்கும்போதெல்லாம் மனம் வலிக்கிறது. நாம் அப்படி அழைக்கும் பறவையான பாறு யாரிடமிருந்தும் எதையும் பறிப்பதில்லை. செத்ததைத் தின்று நிலத்தைத் துப்புரவாக்குகிறது. அதன் வழுக்கைத் தலையைக் கண்டு முகம் சுளிக்கிறோம். இறந்த மாட்டின் விலா எலும்புகளுக்குள் கழுத்துவரை நுழைக்கும் தலையில் இறகு இருந்தால் இரத்தமும் நிணமும் அப்பிக்கொள்ளாதா?

உண்மையில் வஞ்சிக்கப்பட்டவை அவைதான். கால்நடைகளுக்கு வலி தீரப் போட்ட டைக்ளோஃபினாக், அந்த உடல்களைத் தின்ற பாறுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்தது. இந்தியாவில் 2006இல் அம்மருந்தைக் கால்நடைகளுக்குத் தடைசெய்தபோது, வெண்முதுகுப் பாறுகள் ஏறக்குறைய அழிந்தே போயிருந்தன. பாறுகளைப் போலவே பிணம் தின்னும் அமெரிக்கப் பறவைகளான கலிபோர்னியக் காண்டார்களுக்கு எமனானது, வேட்டைக்காரர்கள் விட்டுச்சென்ற விலங்கு உடல்களில் சிதறிக்கிடந்த தோட்டாக்களின் ஈயத் துகள். 1987இல் உலகில் எஞ்சியவை 27 மட்டுமே. அத்தனையையும் கூண்டில் வைத்துப் பெருக்கியதால்தான் இனம் பிழைத்தது. ஒரு காண்டார் ஜோடி பெரும்பாலும் இரண்டு ஆண்டுகளுக்கு ஒரே முட்டைதான் இடும். இழப்பு அவ்வளவு எளிதில் ஈடாவதில்லை.

கொள்ளையரைக் கொள்ளையர் என்றே எழுதுங்கள். அந்த உவமையை உங்கள் நாளிதழாவது கைவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்