எங்கள் வாசல் குப்பையை எடுத்த அண்ணனுக்கு

அடுக்ககத்தில் இருக்கும் எல்லோருக்கும் வணக்கம்.

அப்பாவுக்குக் கொரோனா வந்ததால் வீட்டுக்குள்ளேயே தனிமையில் இருந்த எங்கள் 14 நாள் நேற்றோடு முடிந்தது. கதவில் ஒட்டியிருந்த தாளை நானே கிழித்துவிட்டேன், பசை மட்டும் போக மாட்டேன் என்கிறது. அப்பா பால்கனியில் உட்கார்ந்து, பேச்சுக் கொடுக்க யாராவது சிக்குவார்களா என்று கீழே பார்த்துக்கொண்டிருக்கிறார். நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும், திரும்பச் சொல்லி அழ வைக்கப் போவதில்லை.

மருந்தை லிஃப்டில் வைத்து எங்கள் மாடிப் பொத்தானை அழுத்திவிட்டவர்கள், நடுராத்திரியில் ஆக்சிஜன் பார்க்கும் கருவியைத் தேடிக் கொண்டுவந்த தம்பி, தினமும் போன் போட்டு அப்பாவின் அதே பழைய கதைகளைப் புதிதாகக் கேட்பதுபோலக் கேட்ட முதல் மாடி அக்கா, ஒரே கேள்வியைப் பத்து முறை கேட்டபோதும் எரிந்து விழாத செவிலியர், எல்லோருக்கும் நன்றி. பெயர் போட ஆரம்பித்தால் யாரையாவது விட்டுவிடுவேன் என்று பயமாக இருக்கிறது.

இனி அந்தக் குப்பை விஷயம்.

மூன்றாம் நாளுக்குள் எங்கள் வாசலில் மூன்று பைகள் சேர்ந்துவிட்டன. குப்பை எடுப்பவர் எங்கள் மாடிக்கு வருவதை நிறுத்திவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு ஜோடி கையுறைகூட அவருக்கு நாம் யாரும் வாங்கித் தரவில்லை. எங்களாலும் வாசலைத் தாண்ட முடியாது. வாட்ஸ்அப் குழுவில் யாரோ அந்தப் பைகளைப் படம் பிடித்துப் போட்டு, "இதற்கு என்ன வழி?" என்று கேட்டிருந்தார்கள். அதன் கீழே இன்னொருவர், பிளாஸ்டிக் மேல் இந்த வைரஸ் மூன்று நாள் வரை தங்கும் என்ற ஆய்வுச் செய்தியை எடுத்துப் போட்டிருந்தார். மார்ச் மாதம் அதே செய்தியைக் குழுவில் முதன்முதலில் போட்டது நான்தான். பை கிடந்ததற்கு யாரைத் திட்டுவது, சொல்லுங்கள்.

நாலாம் நாள் விடிவதற்கு முன் வாசலில் சரசரவென்று சத்தம். கதவுத் துளையில் கண்ணை வைத்துப் பார்த்தேன். இரண்டாம் மாடி அண்ணன். முகக்கவசம், முழங்கை வரைக்கும் ரப்பர் உறை. ஒவ்வொரு பையையும் அமுக்காமல் தூக்கி இன்னொரு பைக்குள் இறக்கினார், வாயைத் திருகி இரண்டு முடிச்சுப் போட்டார். பிறகு நான்காக மடித்த புதுப் பை ஒன்றைக் கதவுக் கைப்பிடியில் செருகிவிட்டு, லிஃப்ட் பக்கமே போகாமல் படியிறங்கிப் போனார். அடுத்த நாளும் வந்தார். அதற்கடுத்த நாளும். மொத்தம் பதினோரு நாள்.

அவர் யார் என்று குழுவில் இருக்கும் யாருக்கும் நான் சொல்ல வேண்டியதில்லை. இந்த 2020 ஏப்ரலிலிருந்து, ஊரடங்கும் கட்டுப்பாடுகளும் வேண்டுமா வேண்டாமா என்ற எங்கள் சண்டையைத்தானே எல்லோரும் படித்துக்கொண்டிருந்தீர்கள். வேண்டாம் என்பது அவர் கட்சி, வேண்டும் என்பது என் கட்சி. அவர் "ஸ்வீடனைப் பாருங்கள், பதினாறு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள்" என்பார். நான் "கடுமையாக ஊரடங்கு போட்ட நியூசிலாந்தைப் பாருங்கள், ஜூன் 8 அன்று ஒரு நோயாளிகூட இல்லை" என்பேன். ஆகஸ்டில் அதே நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரத்தில் மறுபடி தொற்று வந்தபோது அவர் ஒரு வார்த்தை எழுதவில்லை. நானாக இருந்தால் விட்டிருக்க மாட்டேன். வீட்டிலேயே இருங்கள் என்று மக்களுக்குச் சொன்ன ஸ்காட்லாந்தின் தலைமை மருத்துவ அதிகாரி, தானே தன் இரண்டாவது வீட்டுக்குப் போய்வந்து ஏப்ரல் 5 அன்று பதவி விலகிய செய்தியை அவர் போட்டபோது, "ஒருவர் தப்பு செய்தால் சட்டமே தப்பா?" என்று எகிறினேன். இப்போதும் அந்தக் கேள்வி சரி என்றுதான் நினைக்கிறேன். கேட்ட தொனிதான் சரியில்லை.

அது மட்டுமா? ஒருநாள் ராத்திரி மொட்டைமாடியில் அவர் தனியாக, முகக்கவசம் இல்லாமல் உலாத்துவதைப் படம் எடுத்துக் குழுவில் போட்டு, அபராதம் போடச் சொன்னதும் நான்தான்.

ஆறாம் நாள் பொறுக்க முடியாமல், கதவைத் திறக்காமலே கேட்டேன்: "அண்ணே, எதுக்கு நீங்க போய் இதையெல்லாம்..."

"நாறுதும்மா. அப்பா எப்படி இருக்கார்?"

அவ்வளவுதான் பதில். ஆனால் அதற்குப் பிறகு தினமும் கதவுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக இரண்டு நிமிடம் பேசினோம். அவர் தொழில் ஆட்கள் கூடினால்தான் ஓடும் தொழில். மார்ச்சில் கதவடைத்தது. கூட வேலை செய்த ஆறு பேருக்கு மூன்று மாதம் கையிருப்பிலிருந்து கொடுத்திருக்கிறார், பிறகு முடியவில்லை. என் வேலை மடிக்கணினியோடு வீட்டுக்கு வந்துவிட்டது, சம்பளம் ஒரு நாள்கூடத் தள்ளிப் போகவில்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டுதான் குழுவில் "உயிரைவிட வருமானம் பெரிதா?" என்று எழுதினேன். பதினேழு பேர் அதற்குக் கட்டைவிரல் காட்டினீர்கள். தேடிப் பார்த்து எண்ணினேன்.

கட்டுப்பாடுகள் வேண்டும் என்பதில் எனக்கு இன்னமும் சந்தேகம் இல்லை. அப்பா மூச்சுக்குத் தவித்த அந்த இரண்டு ராத்திரிக்குப் பிறகு எப்படி வரும்? ஆனால் வேண்டாம் என்கிறவருக்கு அடுத்தவர் உயிரைப் பற்றிக் கவலையில்லை என்று ஏழு மாதமாக நானே முடிவு கட்டி வைத்திருந்தேன். அந்த முகக்கவசத்தைப் பற்றியும் கேட்டேன். "மாடியில தனியா நடக்கறப்போ எதுக்குன்னுதான் கேட்டேன், எப்பவும் வேண்டாம்னு எங்கேம்மா சொன்னேன்?" என்றார். பழைய செய்திகளை மேலே தள்ளிப் படித்துப் பார்த்தேன். ஆமாம், அப்படித்தான் எழுதியிருக்கிறார்.

அந்தப் படத்தை அழிக்கப் பார்த்தேன், இத்தனை நாள் கழித்துக் குழுவிலிருந்து நீக்க முடியவில்லை. அதனால் இங்கேயே, எல்லோர் முன்னாலும்: மன்னிச்சிடுங்க அண்ணே. இனி எந்த மனிதரையும் அவருக்குத் தெரியாமல் படம் எடுத்துப் போட மாட்டேன். குப்பையையும்தான்.

இன்று காலை நானே குப்பையைக் கீழே கொண்டுபோனேன். உங்கள் பைகளில் நாலு இன்னும் மடித்தபடியே மிச்சம் இருக்கின்றன, சாயங்காலம் கொண்டுவந்து தருகிறேன். ஸ்வீடன் விஷயத்தில் மட்டும் நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. மொட்டைமாடியில் பேசிக்கொள்வோம், ஆறடி தள்ளி நின்று.

நான்காம் மாடியிலிருந்து,
அப்பாவும் நானும்