பாட்டு சோறு போடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

எஸ்பிஎம் (இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வு) முடிவு வந்ததும் நீங்கள் வெளியிடும் மேற்கல்விப் பக்கங்களை எங்கள் சுங்கை சிப்புட்டில் பெற்றோர் விடாமல் படிக்கிறார்கள். மருத்துவம், கணக்கியல் எல்லாம் இருக்கிறது. மேடைக் கலைக்கு ஒரு வரி இல்லை. தோட்டத்துக் கோயில் திருவிழாவில் பிள்ளை பாடினால் கை தட்டுகிறோம், அதையே படிக்கப் போகிறேன் என்றால், "சோறு போடுமா?" என்கிறோம்.

கேள்வி நியாயம்தான். இசை நாடகக் கலைஞருக்கு நிரந்தரச் சம்பளம் அபூர்வம். பெரும்பாலோர் குழுவில் ஒருவராகத்தான் தொடங்குகிறார்கள். நியூயார்க்கின் பிராட்வே நாடக அரங்குகளில் வழக்கமாக வாரத்துக்கு 8 காட்சிகள். அங்கே 'ஸ்விங்' என்றொரு வேலை உண்டு: பலருடைய பாட்டையும் ஆட்டத்தையும் மனப்பாடம் செய்து வைத்திருந்து, யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் அன்றே மேடையேற வேண்டும். (இதைத்தான் நம்மில் சிலர் பொழுதுபோக்கு என்கிறார்கள்!) ஒரு நாடகம் முடிந்து அடுத்தது கிடைக்கும் வரை வகுப்பு எடுப்பது, பின்னணிக் குரல், சொகுசுக் கப்பல் நிகழ்ச்சி என்று ஓட்டுவார்கள்.

நம் நாட்டிலும் வழி இல்லாமல் இல்லை. 1994-இல் தொடங்கிய அரசுக் கலைக் கழகமான அஸ்வாராவில் இசை, நடனம், நாடகம் மூன்றையும் முறையாகப் படிக்கலாம். சுயதொழில் கலைஞர்கள் 2020 முதல் சொக்சோ எனும் சமூகப் பாதுகாப்புத் திட்டத்திலும் சேரலாம். ஆடும்போது கால் பிசகினால் கைகொடுக்கும்.

அடுத்த முறை இதற்கும் அரைப்பக்கம் ஒதுக்குங்கள். அப்புறம், கட்டணத்தை மறக்காமல் போடுங்கள். பெற்றோர் முதலில் கேட்பது அதைத்தான்.

இசை ஆசிரியை,
சுங்கை சிப்புட், பேராக்