மாதக் கடைசி பில் மெயில் போகாதவர்களுக்கு

வணக்கம். கணக்கு மென்பொருளிலிருந்து வாடிக்கையாளர்களுக்கு ஸ்டேட்மென்ட் மெயில் போகவில்லை என்று டர்பனின் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பக்கமிருந்து நிறைய பேர் கேட்டுவிட்டீர்கள். என் கடையிலும் அதே கதைதான். மென்பொருளை அழித்து மறுபடி போடாதீர்கள். கோளாறு பெரும்பாலும் அதிலுள்ள எஸ்எம்டிபி (SMTP, மெயில் அனுப்பும் முறை) அமைப்பில் இருக்கும். போர்ட் 25 என்றிருந்தால் 587 ஆக்கி, பாதுகாப்பு முறையாக ஸ்டார்ட்டிஎல்எஸ் (STARTTLS) தேர்ந்தெடுங்கள். 465 என்றால் எஸ்எஸ்எல் (SSL). மாற்றிப் போட்டால் இணைப்பே கிடைக்காது. ஜிமெயிலில் வழக்கமான பாஸ்வேர்டு செல்லாது. இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கி, மென்பொருளுக்கென்று கூகுள் தனியாகத் தரும் 16 எழுத்து ஆப் பாஸ்வேர்டு எடுக்க வேண்டும். அப்புறம், அனுப்புநர் முகவரியும் லாகின் முகவரியும் ஒன்றாக இருக்கட்டும். நான் அரை நாள் தொலைத்தது இதில்தான்! போன மெயில் ஸ்பேமில் விழுந்தால் உங்கள் டொமைனின் (மெயில் முகவரியில் @-க்குப் பின் வரும் பெயர்) எஸ்பிஎஃப் (SPF) பதிவைப் பாருங்கள்; அந்தப் பெயரில் எந்த சர்வர்கள் மெயில் அனுப்பலாம் என்று சொல்வது அதுதான். இரண்டு இருந்தால் ஒன்றாக்குங்கள். இன்னும் சரியாகவில்லையா? பிழைச் செய்தியைப் படமெடுத்து இங்கே போடுங்கள், பாஸ்வேர்டை மறைத்துவிட்டு.