சுன்னாகத்தில் ஹோர மரமா?

யாழ்ப்பாணம்

மச்சான்,

எல்லாரும் சுகம். அம்மா உன்னை விசாரிச்சவா. இனி விசயத்துக்கு வாறன்.

பிள்ளைகளைத் தெற்கிலை இருக்கிற சிங்கராஜ மழைக்காட்டுக்குக் கூட்டிப்போய், வரேக்க அங்கத்தைப் பெருமரம் ஹோரவின்ரை விதை நாலு பொறுக்கிக்கொண்டு வந்து சுன்னாகத்தில் நடப்போறன் எண்டு எழுதியிருக்கிறாய். உன்ரை ஆசைக்கு அளவில்லை! அங்கை ஒரு இலைகூட எடுக்க விடமாட்டாங்கள். எடுத்தாலும் உதவாது. ஹோர விதை நெல் மாதிரிக் காயவைச்சு வைக்கிற சாமான் இல்லை, காய்ஞ்சால் முளை செத்துப்போகும். அங்கை வருசத்துக்கு 3,000 மில்லிமீற்றருக்கு மேலை மழை, புளிப்பு மண். எங்கடை மழையோ மார்கழியோடை சரி, கீழை முழுக்கச் சுண்ணாம்புக்கல்.

மரம் நடுறதுதான் உன்ரை பைத்தியமெண்டால், சிங்கராஜ வாசல் இருக்கிற குடாவப் பக்கம் பைன் தோட்டத்தை வடிவாப் பார். காட்டின்ரை எல்லையில் கரீபியன் பைன் நட்டவை. அதுக்குக் கீழை பழைய காடு தானாத் திரும்பி வரேல்லை. பெரிய மரங்களின்ரை விதை கனம், தாய்மரத்தடியிலேயே விழும், கன நாள் உயிரோடை கிடக்காது. பேராதனைப் பல்கலைக்கழகத்து நிமால், சாவித்திரி குணதிலக்க இருவரும் வெளிநாட்டு ஆய்வாளரோடை சேர்ந்து பைன் வரிசைகளை வெட்டி, இடைவெளியில் ஹோர, நாகமரம் உட்பட ஐந்து இனக் கன்றுகளை நட்டுப் பார்த்தினம். ஒரு வரிசை எடுத்த இடம், மூன்று வரிசை எடுத்த இடம், ஒண்டும் எடுக்காத இடம் எண்டு பிரிச்சது. மூன்று வரிசை எடுத்த இடத்திலைதான் கன்று நல்லா எழும்பினது. முழு நிழலில் கன்று குறுகி நிண்டது. எல்லாப் பைனையும் வெட்டித் தள்ளினால் வெயில் நேரை அடிக்கும், கெக்கில்லப் பன்னம் படர்ந்து கன்றை மூடிப்போடும். அந்நிய மரம்தானே, தறி எண்டு கத்துற எங்கடை ஆக்களுக்கு இதைச் சொல்லு: பைன் அங்கை குடை பிடிக்குது, குடையை எவ்வளவு விலத்துறது எண்டதுதான் கேள்வி.

முந்தி சிங்கராஜ உள்காட்டையே ஒட்டுப்பலகைக்காகத் தறிச்சுக்கொண்டிருந்து, எதிர்ப்பாலை 1977இல் நிப்பாட்டினவை. 1988இல் யுனெஸ்கோ உலக மரபுரிமை.

குருவி பாக்கவேணுமெண்டால் விடியவே உள்ளை போ. செம்மஞ்சள் சொண்டுச் சிலம்பனும் கரிச்சானும் முன்னுக்கு, பின்னாலை வேறு வேறு இனமெல்லாம் ஒரே கூட்டமாப் போகும். சத்தம் கேட்ட இடத்தில் அசையாமல் நில். பிள்ளைகள் கத்தினால் போச்சு, பிறகு காடு வெறிச்சோடிக் கிடக்கும்.

அட்டைக்கு முழங்கால்வரை துணி உறை கட்டு, காற்சட்டையை அதுக்குள்ளை விடு. கடிச்சால் இழுக்காதை, உப்புப் போடு. வழிகாட்டி இல்லாமல் உள்ளை விடமாட்டாங்கள், வாசலிலை சீட்டோடையே ஆளையும் பிடி. தைக்கும் பங்குனிக்கும் இடையிலை மழை குறைவு, அதுக்குள்ளை திகதி சொல்லு.

குஞ்சரைக் கூட்டிக்கொண்டு போகாதை. அட்டைகள் பாவம்.

அன்புடன்,
உன்ரை மச்சான்