டைமன் ராணிக்காக ராத்திரி முழிச்ச எல்லாருக்கும்

போன ஞாயித்துக்கிழமை வந்தவங்க, வர்றேன்னு சொல்லிட்டு வராதவங்க, நாற்காலி தூக்குனவங்க எல்லாருக்கும் வணக்கம். அன்னைக்கே மைக்ல நன்றி சொல்லிருக்கணும், ஆனா தொண்டை கட்டிப்போச்சு, அதோட பாதி பேரு பஸ்ஸுக்கு ஓடிட்டீங்க. அதான் இப்ப எழுதுறேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும், பொறுத்துக்கங்க.

ஒரே நாள்ல 'தி மஞ்சூரியன் கேண்டிடேட்'ங்கிற அமெரிக்கப் படத்தோட ரெண்டு வெர்ஷனும் போடலாம்னு நான் சொன்னப்போ முதல்ல வந்த கேள்வி "கோபி மஞ்சூரியனா"ன்னுதான். காலையில 1962ல ஜான் ஃப்ராங்கன்ஹைமர் எடுத்தது, மத்தியானம் சாப்பாட்டுக்கு அப்புறம் 2004ல ஜோனதன் டெம்மி எடுத்தது. ரெண்டும் ரெண்டு மணி நேரத்துக்கு மேல. சாப்பிட்டுட்டு எவன் இருப்பான்னு சொன்னாங்க. நாப்பத்தி மூணு பேரு இருந்தீங்க, நான் எண்ணுனேன்.

முதல் நன்றி தமிழ் சப்டைட்டில் எழுதுன ரிட்டயர்டு வாத்தியார் ஐயாவுக்கு. பழைய படத்துல கதை என்னன்னா, கொரியா போர்ல பிடிபட்ட அமெரிக்க சிப்பாய்களை சீனாவோட வடகிழக்குல இருக்குற மஞ்சூரியாவுக்குக் கொண்டுபோய் மூளைச்சலவை பண்றாங்க, அதுல ரேமண்ட்னு ஒருத்தன் ஊருக்கு ஹீரோவா திரும்பி வர்றான். யாராவது அவன்கிட்ட "நேரம் போகலைன்னா தனியா சீட்டு ஆடேன்"னு சொன்னா உக்காந்து ஆடுவான், டைமன் ராணி வந்ததும் அடுத்து காதுல விழுற உத்தரவை அப்படியே செய்வான். ஒரு பார்ல வேற யாரோ வேற யார்கிட்டயோ கதையளந்துக்கிட்டு இருக்கும்போது அந்த சீட்டு விஷயமும், கூடவே ஏரியில போய் குதின்னு ஒரு வார்த்தையும் வந்துடும், இவன் நேரா சென்ட்ரல் பார்க் ஏரியில போய் குதிச்சிடுவான். ஐயா முதல் டிராஃப்ட்ல அதை "போய் குட்டிச்சுவர்ல முட்டிக்கோ"ன்னு போட்டிருந்தாரு. நல்ல தமிழ், நம்ம வீட்ல தினம் கேக்குறதுதான், ஆனா அடுத்த சீன்ல அவன் தண்ணியில நிக்குறானே! மூணு நாள் போன்ல இதே பேச்சு. கடைசியில "போய் ஏரியில விழுந்து தொலை"ன்னு முடிச்சாரு. அந்த இடத்துல ஹால் முழுக்க சிரிச்சுச்சுல்ல, அந்த சிரிப்பு ஐயாவோடது.

அந்த தோட்டக்கழக சீனும் அப்படித்தான். சிப்பாய்க்கு கனவு, தொப்பி போட்ட ஒரு அம்மா ஹைட்ரேஞ்சியா பூவைப் பத்தி லெக்சர் அடிக்கிறாங்க, கேமரா மெதுவா ஒரு சுத்து சுத்தி வந்தா அதே இடத்துல சீன, ரஷ்ய அதிகாரிங்க உக்காந்திருக்காங்க. வெள்ளைக்கார மேஜர் கனவுல அந்த அம்மாங்க வெள்ளைக்காரங்க, கறுப்பின சிப்பாய் கனவுல அதே அம்மாங்க கறுப்பினத்தவங்க. 1962ல இதை யோசிச்சிருக்காங்க பாருங்க. பூ பேரை செம்பருத்தின்னு மாத்திடலாமான்னு நான் கேட்டேன், கொடைக்கானல்ல வளந்த அக்கா ஒருத்தங்க "எங்க ஊர்ல வீட்டுக்கு வீடு அதான் இருக்கு, அப்படியே போடுங்க"ன்னு சண்டைக்கு வந்தாங்க. அக்கா, நன்றி, நீங்க சொன்னதுதான் சரி.

அடுத்து சிங்க், அதாவது சப்டைட்டில் படத்தோட ஒட்டி வர்றதை, சரிபண்ண தம்பி. சனிக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு ஓட்டிப் பாத்தா முதல் அஞ்சு நிமிஷம் ஓரளவு ஒட்டி வருது, போகப்போக வசனம் படத்துக்குப் பின்னாடி நொண்டுது, ஒரு மணி நேரத்துல ரெண்டு நிமிஷத்துக்கு மேல லேட்டு. கொலை நடந்து முடிஞ்சப்புறம் கொலைக்கான உத்தரவு வருது. நாங்க சப்டைட்டில் டைம் போட்டது செகண்டுக்கு 24 ஃப்ரேம் ஓடுற காப்பிக்கு, கையில இருந்த டிவிடியோ 25 ஃப்ரேம். படம் வேகமா ஓடுது, எழுத்து பழைய வேகத்துலயே வருது. எனக்கு இதெல்லாம் சுத்தமா தெரியாது, தம்பி பாத்ததும் கண்டுபிடிச்சு மொத்த ஃபைலையும் 24/25ன்னு சுருக்கிட்டான். விடிகாலை மூணு மணிக்கு டீ கேட்டான், டீத்தூள் இல்ல. மன்னிச்சுக்கடா.

இப்ப விவாதத்துக்கு வந்தவங்க. இது நான் எதிர்பார்க்காத பரிசு. பழைய படம் அமெரிக்காவுல ரிலீஸ் ஆனது 1962 அக்டோபர் 24, கியூபாவுல சோவியத் ஏவுகணை இருக்குங்கிற விஷயத்தை அமெரிக்க ஜனாதிபதி கென்னடி டிவியில சொல்லி ரெண்டே நாள். புதுசு 2004 ஜூலை 30, அதுக்கு முந்தின ராத்திரிதான் பாஸ்டன்ல ஜான் கெர்ரி ஜனாதிபதி வேட்பாளரா மாநாட்டு மேடையில பேசுனாரு, அந்தப் பக்கம் ஈராக் போர் ஓடுது. ரெண்டு தடவையும் ஊரே பயந்துக்கிட்டு இருக்கும்போது படம் வந்திருக்கு, ஆனா பயம் வேற. கொரியா போயி வளைகுடாப் போர் வந்துச்சு, சீட்டுக்கட்டு போயி உடம்புக்குள்ள சிப் வந்துச்சு, மஞ்சூரியாங்கிற ஊரு 'மஞ்சூரியன் குளோபல்'னு ஒரு கம்பெனி ஆயிடுச்சு. நான் ரீமேக்ல ரசிச்சதே அந்தப் பேரு மாத்துனதைத்தான். ரேமண்டோட அம்மா பாத்திரமும் பாருங்க, அங்க ஏஞ்சலா லான்ஸ்பரி செனட்டர் புருஷனை முன்னாடி தள்ளிவிட்டு பின்னாடி இருந்து ஆட்டுறாங்க, இங்க மெரில் ஸ்ட்ரீப் தானே செனட்டர். (லான்ஸ்பரிக்கும் மகனா நடிச்ச லாரன்ஸ் ஹார்விக்கும் நிஜத்துல மூணே வயசு வித்தியாசம், சொன்னப்போ ஒருத்தரும் நம்பல.)

ஆனா புதுசுல சிரிப்பு இல்லைன்னு நான் குறைபட்டேன். பழசுல நாட்டுல எத்தனை கம்யூனிஸ்ட்னு தெரியாம திணறுற அந்தப் புருஷன் செனட்டர், கெட்சப் பாட்டில்ல இருக்குற 57ஐப் பாத்து அதையே சபையில சொல்லுவான், அந்த மாதிரி கிண்டல் ஒண்ணுகூட டெம்மி படத்துல இல்ல. அதுக்கு காலேஜ் தங்கச்சி எந்திரிச்சு சொன்னதை நான் இன்னும் யோசிச்சுக்கிட்டு இருக்கேன். பழசுல மேஜரா வர்ற சினாட்ராவை நாம நம்பிடலாம், புதுசுல அதே மேஜரா வர்ற டென்சல் வாஷிங்டன் உடம்புலயே சிப் இருக்கு, அதை அவரே கீறி வெளிய எடுக்கிறாரு, எடுத்த ஆதாரம் வாஷ்பேசின் ஓட்டைக்குள்ள போயிடுது, அந்த இடத்துல நீங்க எல்லாரும் "அய்யோ"ன்னு கத்துனீங்களே அண்ணா, யாரை நம்புறதுன்னே தெரியாதப்போ எப்படி சிரிக்கிறதுன்னு கேட்டுச்சு. பதில் சொல்ல வாயே வரல. தங்கச்சி, அந்தக் கேள்விக்கு தனியா ஒரு நன்றி.

ஹால் கொடுத்தவங்களுக்கும், நாலு எலுமிச்சை சாதப் பொட்டலம் கூடுதலா கொண்டுவந்த மாமிக்கும், சொந்தக் காசுல டிவிடி வாங்கிக் கொடுத்த நண்பனுக்கும் நன்றி. ஸ்பீக்கர் தர்றேன்னு சொல்லி காலையில போனை எடுக்காதவருக்கும் ஒண்ணும் கோபமில்ல, பக்கத்து வீட்டு ஸ்பீக்கரே நல்லாத்தான் கேட்டுச்சு.

கடைசியா ப்ரொஜெக்டர் அண்ணன். வாடகை வேணாம்னுட்டீங்க, கல்யாண ஆர்டர் இருக்குன்னு நாலு மணிக்கே மெஷினை எங்களை நம்பி விட்டுட்டு கிளம்பிட்டீங்க, ராத்திரி மண்டபத்துல இருந்து போன் போட்டு "கடைசியில யார் யாரை சுட்டா, காலையில பாத்த மாதிரியேதானா"ன்னு கேட்டீங்க. அதே மாதிரி இல்லண்ணே. அதுக்கு மேல சொல்ல மாட்டேன், மெஷினைத் திருப்பிக் கொடுக்க வரும்போது டிவிடியும் கொண்டு வர்றேன், உங்க கடையிலயே செவுத்துல போட்டுப் பாப்போம்.